மலையூரில் இறந்த நேரத்தைக் கணிக்கும் முறை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் சிலாவோஸ் என்ற மலையூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், செங்குத்தான மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. அதை அடுத்துள்ள மஃபாத்தின் குடியிருப்புகளுக்குச் சாலையே இல்லாததால், நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போய்ச்சேர முடியும். இத்தகைய சிற்றூரில் கொலை நடந்தால், யார் எப்போது எங்கே இருந்தார் என்பதை அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்கள். ஆனால் இறந்த நேரம் தெரியாதவரை, அந்தச் சாட்சியங்களால் பயனில்லை.

முதல் நாளில் உடலின் வெப்பமே சான்று. இறந்த உடல் ஒரே சீராகக் குளிர்வதில்லை. தொடக்கத்தில் சிறிது நேரம் சூடு தங்கி நிற்கும், பிறகு வேகமாக இறங்கும், சுற்றுப்புற வெப்பநிலையை நெருங்கும்போது மீண்டும் மெதுவாகும். உடல் எடை, ஆடை, காற்று, ஈரம் ஆகிய அனைத்தையும் கணக்கில் சேர்த்தாலும், நல்ல சூழ்நிலையில்கூட முன்னும் பின்னும் சுமார் மூன்று மணி நேரப் பிழைக்கு இடமுண்டு. மலைக்குளிரில் கிடப்பவர்மேல் அன்போடு ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டாலே குளிரும் வேகம் மாறிவிடும் என்பதால், இத்தீவில் வாழும் எங்கள் தமிழ்க் குடும்பங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது: ஜாந்தார்ம்கள் (பிரெஞ்சுக் காவல் படையினர்) வரும்வரை உடலைத் தொடாதீர்கள், தொட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாள்கள் கடந்தபின் உடல்வெப்பம் பயன்படாது. அப்போது ஈக்களின் வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்கள், உடலை அணுக வழியிருந்தால், பகல் வெளிச்சத்தில் விரைவிலேயே வந்து முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழு இருமுறை தோலுரித்து, மூன்று பருவங்களைக் கடந்து, பின்னர் உடலை விட்டு விலகிக் கூட்டுப்புழுவாகிறது. புழுவுக்குத் தானாக உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாததால், அதன் வளர்ச்சி கடந்த நாள்களை அல்ல, பெற்ற வெப்பத்தையே பொறுத்தது. விளக்கத்துக்காக, ஓர் ஈ 10 டிகிரிக்குக் கீழே வளராது என்றும், முழு வளர்ச்சிக்கு 150 டிகிரி-நாள் வெப்பம் (அதாவது ஒவ்வொரு நாளும் 10-ஐத் தாண்டிய டிகிரிகளைக் கூட்டிவந்தால் கிடைக்கும் தொகை) வேண்டும் என்றும் கொள்வோம். சராசரி 25 டிகிரி உள்ள கடற்கரையில் நாளொன்றுக்கு 15 சேரும். 10 நாளில் வளர்ச்சி முடியும். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குளிர்வதால், அதே நாளில் சிலாவோஸில் ஏறக்குறைய 17 டிகிரிதான் இருக்கும். நாளுக்கு 7 மட்டுமே சேர, 21 நாள் ஆகும். கடற்கரை அளவை வைத்து மலையூர்க் கொலையைக் கணித்தால், பதினொரு நாள் தவறிவிடும். அந்த இடைவெளியில் குற்றமற்ற ஒருவர்மீது பழி விழலாம்.

1850-இல் பிரான்சின் ஆர்புவா ஊரில், புகைபோக்கியின் பின்னால் கிடைத்த சிசுவின் உடலைப் பூச்சிகளைக் கொண்டு ஆராய்ந்த மருத்துவர் பெர்ஜெரே, அவற்றின் வளர்ச்சிக்கு ஓராண்டு ஆகும் என்று தவறாகக் கருதினார். முறை புதியது, வழி சரியானது; வளர்ச்சி வேகம்தான் அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே இன்று ஆய்வாளர்கள் மிக முதிர்ந்த புழுக்களைத் தேடி எடுத்து, சிலவற்றை வெந்நீரில் கொன்று சாராயக் கரைசலில் பாதுகாக்கிறார்கள்; சிலவற்றை இனம் தெளிவாகும்வரை உயிரோடு வளர்க்கிறார்கள். திரளாக நெருங்கிய புழுக்கள் தாமே வெப்பம் உண்டாக்குவதால் அத்திரளின் சூட்டையும் தனியே அளக்கிறார்கள். உடலை எடுத்துச் சென்ற பிறகும் பல நாள்கள் அதே இடத்தில் வெப்பப் பதிவுக் கருவியை வைத்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டு, கடந்துபோன நாள்களின் வெப்பத்தைத் திருத்திக் கணக்கிடுகிறார்கள்.