துப்பாக்கிக் குழல் உள்ளே உருண்டையாக இல்லையென்றால் லேத்துக்குத் தூக்காதீர்கள்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்திருக்கிறது. பாட்டா காலத்து, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. வீட்டுக்காரர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, “உள்ள கோணிப் போச்சு” என்று லேத் பட்டறையில் கொடுத்து உருண்டையாகக் கடைந்துவிட்டார்கள். கடைசல் எட்டாத அடிப்பகுதியில் மட்டும் ஆறு பட்டை மிச்சம். பழைய உலோகப் பொருட்களைப் பராமரிப்பது என் வேலை. இப்படி வருவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது.

துரு குழி விழ வைக்கும், சொரசொரப்பாக்கும். குளச்சல் உப்புக்காற்றில் நூறு வருஷம் கிடந்தாலும் ஆறு சமமான பட்டை போடாது. பட்டைகள் முறுக்கியபடி அடிவரை ஓடினால் அது செய்தவன் வேண்டுமென்றே போட்டது. மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1850களில் செய்த குழல் அறுகோணம். பட்டைகள் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கி ஓடும். பிரன்ஸ்விக் ரைஃபிளில் எதிரெதிரே இரண்டே பள்ளம், அதற்கேற்பக் குண்டைச் சுற்றி ஒரு பட்டி. லங்காஸ்டர் குழலோ நீள்வட்டம், கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். இதில் எதுவும் கோணல் இல்லை, தேய்மானமும் இல்லை.

எல்லா வீட்டிலும் “குளச்சல் போரில் பிடித்தது” என்கிறார்கள். அந்தப் போர் 1741. விட்வொர்த் குழல் அதற்கு நூறு வருஷம் பிந்தியது. வயதைச் சொல்லும் சாட்சியே உள்வடிவம்தான். அதைத்தான் கடைந்து தள்ளுகிறீர்கள்.

உயிர் விஷயம் ஒன்று. இவற்றில் சிலவற்றில் மருந்தும் குண்டும் உள்ளேயே கிடக்கும். ஈரம் படாத கருமருந்து எத்தனை காலமானாலும் பற்றும். அதன்மேல் ட்ரில் ஓட்டுவதா? முகத்தையும் உடம்பையும் குழல்வாய்க்கு நேரே வைக்காமல், ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, வாயருகே அடையாளமிட்டு எடுங்கள். அந்த அடையாளம் வாயருகே நிற்க, குச்சியைக் குழலின் வெளிப்புறம் ஒட்டிப் பிடித்தால் நுனி தீத்துளை (மருந்துக்குத் தீ போகும் அடித்துளை) வரை வரவேண்டும். அதற்கு முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. விலக்கு வேண்டுமென்றால், பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். பட்டறைத் தம்பிகளே, குழல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வீட்டில் வைத்திருப்பவர்கள் மணல்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். போனை மட்டும் நீட்டிக் குழல்வாயைப் படம் எடுத்து, கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். துப்பாக்கியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், படம் போதும்.