தண்ணீரில் நழுவும் படம்

ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டுவீசர், மெல்லிய பிரஷ் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவற்றோடுதான் போனது. மேசையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பி-40 சண்டை விமான பொம்மை, அதன் மூக்கில் சுறா வாயை ஒட்ட வேண்டும். படத்தைத் தண்ணீரில் போட்டதும் தாள் சட்டென்று சுருண்டுகொண்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே நிமிர்ந்தது. விரல் நுனியால் லேசாகத் தள்ளினேன். பல், நாக்கு, சிவப்பு ஈறு எல்லாம் ஒரே துண்டாகத் தாளை விட்டு வழுக்கி வந்தன.

இதற்குப் பெயர் டெகால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தைப் பெயர்த்தெடுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் வீடுகளில் கிடக்கும் பழைய சிங்கர் தையல் மிஷினின் பொன்னிறப் பூவேலையும் டெகால்தான். யாரோ உட்கார்ந்து வரைந்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சூட்சுமம் அடுக்குகளில் இருக்கிறது. அடியில் தண்ணீரை உறிஞ்சும் தாள். அதன்மேல் டெக்ஸ்ட்ரின் என்கிற பசை. ஸ்டார்ச்சை வறுத்து அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டாக்கினால் டெக்ஸ்ட்ரின் கிடைக்கும். சங்கிலி குட்டையாகிவிட்டதால் தண்ணீரில் எளிதாகக் கரையும். பசைக்கு மேலே லாக்கர் எனும் தெளிவான வார்னிஷின் படலம், அதன்மேல் வண்ண மை. லாக்கரும் மையும் தண்ணீரில் கரையாது. தாள் அடிப்பக்கம் நனைந்து ஊதுகிறது, மேல்பக்கம் ஊதுவதில்லை. அதனால்தான் அந்தச் சுருட்டல். ஈரம் தாளைக் கடந்து பசைக்குப் போய்ச் சேர்ந்ததும் பிடி விட்டுப்போகிறது, படலம் மிதக்கிறது.

கரைந்த பசை முழுவதும் தண்ணீரோடு போய்விடக் கூடாது. கொஞ்சம் படலத்தின் அடியிலேயே தங்கி, படத்தை ஒட்டி நீரைத் துடைத்த பிறகு காய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் முதல் படத்தைத் தட்டில் விட்டுவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது சுறா வாய் தனியாக மிதந்துகொண்டிருந்தது. எடுத்து ஒட்டினேன், காய்ந்ததும் ஓரம் ஓரமாக உரிந்தது.

இரண்டாவது வாய் நன்றாக ஒட்டியது, ஆனால் பாதரசம் பூசியதுபோல் அங்கங்கே வெள்ளிப் பூச்சு. பளபளப்பில்லாத பெயிண்ட் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடுபள்ளம். பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்கிறது, அதில் பட்ட வெளிச்சம் கண்டபடி சிதறுகிறது. சொரசொரப்பான கண்ணாடி மங்கலாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு கை அடித்து, அது காய்ந்த பிறகே டெகால் ஒட்ட வேண்டுமாம்.

சரி, நிஜ பி-40 விமானங்களில் இந்தச் சுறா வாய் எப்படி வந்தது? பிரஷால்தான். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானங்கள் சிலவற்றில் இந்த வாய் இருந்தது. 1941-இல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் 112-ஆவது ஸ்குவாட்ரன் தன் பி-40 விமானங்களுக்கு அதை வரைந்தது. அந்தப் படம் பத்திரிகையில் வர, சீனாவுக்காகப் போரிட பர்மாவில் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் பார்த்தார்கள். 'பறக்கும் புலிகள்' என்று பேர் வாங்கியவர்கள் இவர்கள்தான். சாக்பீஸால் கோடு போட்டு, கையால் நிரப்பினார்கள். பழைய புகைப்படங்களில் ஒரு விமானத்தின் பல்வரிசை போல இன்னொன்றின் பல்வரிசை இருக்காது. பி-40-க்கு இந்த முகம் இவ்வளவு பொருந்தியதற்கு எஞ்சினும் ஒரு காரணம். நீர்மத்தால் குளிரூட்டப்படும் ஆலிசன் எஞ்சினுக்கு ரேடியேட்டர் வேண்டும், ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். அதற்காக மூக்குக்குக் கீழே ஏற்கெனவே ஒரு பெரிய திறப்பு. பல் வைப்பது மட்டும்தான் பாக்கி.

அதே விமானங்களின் உடலில் சிறகு முளைத்த ஒரு புலியும் பாய்ந்துகொண்டிருக்கும். அது டிஸ்னி ஸ்டூடியோ வரைந்து தந்தது. போர்க்காலத்தில் அந்த ஸ்டூடியோ 1,200 சின்னங்கள் அளவுக்குப் படைப்பிரிவுகளுக்கு வரைந்து கொடுத்திருக்கிறது. புலி அமெரிக்காவிலிருந்து டெகாலாக வந்து இறங்கியது. ஆக, ஒரே விமானத்தில் மூக்கு கைவேலை, உடலில் அச்சுவேலை. விமானத்துக்கு விமானம் மாறுகிற படத்துக்கு பிரஷ் போதும். எல்லா விமானத்திலும் ஒரே மாதிரி வர வேண்டியதை அச்சடித்துவிடுவதுதான் சுலபம். புரொப்பெல்லர் இலைகளில் இருந்த கம்பெனி முத்திரைகளும் டெகால்களே. 'மெம்பிஸ் பெல்' குண்டுவீச்சு விமானத்தின் மூக்கில் இருந்த பெண் படமோ டோனி ஸ்டார்சர் என்ற படைவீரரின் கைவண்ணம். ஒரு பக்கம் நீல நீச்சலுடை, மறுபக்கம் சிவப்பு. அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு வரைந்தவர் அவர்.

1945-க்குப் பிறகு இப்படிப் படம் போடும் வழக்கம் படைவீரர்களோடு கலிஃபோர்னியாவுக்கு வீடு திரும்பியது. போருக்கு முன்பே அங்கே வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, இலகுவாக்கி, சீறவிடும் இளைஞர்கள் இருந்தார்கள். அந்தக் கார்கள்தான் ஹாட் ராட். போர் அவர்களுக்கு மெக்கானிக் பயிற்சியும் மலிவான உதிரிச் சாமான்களும் தந்தது. பில் பர்க் என்பவர் 1946-இல் விமானத்தின் கழற்றிவிடும் பெட்ரோல் டேங்கையே காரின் உடலாக்கினார். காற்றைக் கிழிக்கும் வடிவம் ஏற்கெனவே தயாராக இருக்கும்போது எதற்குத் தகரம் தட்ட வேண்டும்? விமானப்படையிலிருந்து வெளியே வந்த அலெக்ஸ் ஸைடியாஸ் அதே ஆண்டு காரை வேகமாக்கும் சாமான்களுக்கென்றே 'ஸோ-கால் ஸ்பீட் ஷாப்' என்று கடையே திறந்துவிட்டார்.

இப்படி முளைத்த கடைகளுக்கு விளம்பரம் வேண்டும். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டைச் செய்துவந்த கிளே ஸ்மித்துக்குச் சுருட்டு பிடிக்கும் ஒரு மரங்கொத்தி. கார் உதிரிச் சாமான் விற்ற டீன் மூன் கம்பெனிக்கு ஓரக்கண்ணால் பார்க்கும் இரண்டு விழிகள். மூக்கை விட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் இடம் மாறிய விமானப் படங்களாகத்தான் எனக்கு இவை தெரிகின்றன. ஆனால் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்பதால் டெகால். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை. நிறங்கள் மயிரிழை விலகினாலும் மானம் காப்பது தடித்த கறுப்பு வெளிக்கோடு. கார்ட்டூன் பாணி அதற்குக் கச்சிதமாக அமைந்தது. கண்ணாடிக்கு உள்பக்கத்திலிருந்து ஒட்டும் ரகமும் உண்டு. அதில் பசை படத்தின் முகத்தில் இருக்கும், மழையும் புழுதியும் தொடாது.

அந்தக் காலத்து டெகால் ஒன்று கைக்குக் கிடைத்தால் உடனே தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். பசை இன்னும் கரையும், ஆனால் லாக்கர் காய்ந்து நொறுங்கத் தயாராக இருக்கும். தண்ணீரில் பத்துத் துண்டாகிவிடும். மேலே புதிதாக ஒரு கை தெளிவான லாக்கர் அடித்து, காயவிட்டு, பிறகு நனைக்க வேண்டும். மஞ்சளடித்திருந்தால் வெயில் விழும் ஜன்னலில் டேப் போட்டுச் சில நாள் மாட்டி வைத்தால் வெளுக்கும். என் பொம்மைப் பெட்டியில் மிச்சமிருக்கும் பழுப்பேறிய நட்சத்திர டெகால்கள் இப்போது சமையலறை ஜன்னலில் தொங்குகின்றன. இன்றைக்கு நான்காவது நாள், ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது.