கழுத்துல கேமரா மாட்டிக்கிட்டா எல்லாம் ஞாபகம் இருக்குமா?

போன வாரம் ஃபோன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்துச்சு, சரி அழிப்போம்னு உக்காந்தா அக்கா பொண்ணு காதுகுத்துக்கு மட்டும் 412 போட்டோ, அதுல நான் திரும்ப எடுத்துப் பாத்தது நாலோ அஞ்சோதான். அப்பதான் கார்டன் பெல் ஞாபகம் வந்தாரு.

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல இருந்த பெரிய கம்ப்யூட்டர் எஞ்சினியர். தன்னோட வாழ்க்கை மொத்தத்தையும் டிஜிட்டலா சேத்து வைக்கணும்னு மைலைஃப்பிட்ஸ்னு ஒரு வேலைய ஆரம்பிச்சு லெட்டர், மெயில், ஃபோன் பேச்சுன்னு ஒண்ணு விடாம உள்ள தள்ளுனாரு. கழுத்துல சென்ஸ்கேம்னு ஒரு கேமரா வேற. அது பட்டன் அமுக்காமலே படம் எடுக்கும், சும்மா இருந்தா சுமாரா அரை நிமிஷத்துக்கு ஒண்ணு, நடுவுல வீட்ட விட்டு வெயிலுக்கு வந்து வெளிச்சம் மாறுனாலோ எதிர்ல யாராவது வந்து அவங்க உடம்புச் சூடு இன்ஃப்ராரெட் சென்சார்ல பட்டாலோ உடனே இன்னொரு கிளிக். (எதிர்ல வர்றவங்க கிட்ட கேட்டாங்களாங்கறது தனி பஞ்சாயத்து.)

அரை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னே வைங்க, முழிச்சிருக்கற 16 மணி நேரத்துக்கு 1,920 படம், வருஷத்துக்கு 7 லட்சம். ஒரு படத்துக்கு ஒரு செகண்ட்னு பாத்தாலும் தூங்காம எட்டு நாள் உக்காரணும், யாரு பாக்கறது?

ஆனா இதே கேமரா இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஒரு அம்மாவுக்கு நெஜமாவே உதவுச்சு. மூளை அழற்சியில ஞாபகம் போயிருந்துச்சு, நடந்தது நாலஞ்சு நாள்ல சுத்தமா மறந்துரும். கேமராவ மாட்டிட்டு வெளிய போய்ட்டு வந்து ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வீட்டுக்காரரோட அந்தப் படங்களப் பாத்தாங்க, பல வாரம் கழிச்சும் முக்கால்வாசிக்கு மேல சொன்னாங்க. டைரி எழுதி வச்சப்ப அந்தளவுக்கு வரல.

ஏன்னா மூளை ஹார்ட் டிஸ்க் இல்ல, நடந்தத அப்படியே ஃபைலா வைக்காது. துண்டு துண்டாத்தான் இருக்கும், ஒரு நுனி கெடச்சா மத்தத இழுத்துட்டு வந்து ஒட்டவைக்கும். காதுகுத்துல மண்டப வாசல்ல கிடந்த செருப்புக் குவியல எவனோ தப்பா கிளிக் பண்ணிருக்கான், அதப் பாத்ததும்தான் அன்னிக்கு என் செருப்பு காணாம போயி மாமாவோட பத்தாம் நம்பர் செருப்புல சர் சர்னு வீடு வந்து சேந்தது ஞாபகம் வந்துச்சு! மேடையில போஸ் குடுத்த 300 படம் அதச் செய்யல.

இன்னொரு பக்கம், லிண்டா ஹெங்கல்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 2014ல வந்த ஆய்வு. மியூசியத்துல சில பொருள போட்டோ எடுக்கச் சொன்னாங்க, சிலத சும்மா பாக்கச் சொன்னாங்க. மறுநாள் கேட்டா போட்டோ எடுத்ததுதான் கம்மியா ஞாபகம் இருந்துச்சு, கேமரா பாத்துக்கும்னு மூளை விட்டுருது போல. ஜூம் பண்ணி ஒரு பகுதிய மட்டும் எடுத்ததுல அந்த நஷ்டம் இல்ல, அங்க கவனம் தேவைப்படுதுல்ல.

அதனால ஞாபகம் போனவங்களுக்கு இது ஊன்றுகோல், நமக்கு அவ்ளோ வொர்த் இல்லங்கறது என் கட்சி. பெல்லே 2016ல இதெல்லாம் நிறுத்திட்டேன்னு சொல்லிட்டாரு. நானும் 412ல 390 அழிச்சிட்டேன், செருப்புப் படம் மட்டும் பத்திரமா இருக்கு.