டிஇன்டெக்ஸ் குப்பை இல்லை, அண்ணாச்சி

"தம்பி, பேக்கப் சர்வரில் கேபி கணக்கில் சின்னச் சின்ன பைல்கள் நிறையக் கிடந்தன. குப்பைதானே என்று அழித்துவிட்டேன்." இந்த வருடம் இப்படிச் சொன்ன மூன்றாவது ஆள் இவர். பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிறகு, கல்யாணப் படங்களை டூப்ளிகாட்டி என்ற பேக்கப் மென்பொருள் வழியாக வெளியூர் சர்வருக்கு அனுப்பிவந்தார். அதுவரை சரி.

டூப்ளிகாட்டி படங்களைத் துண்டாக்கி, பூட்டி, 50 எம்பி டிபிளாக் பைல்களில் அடைத்து அனுப்பும். எந்தத் துண்டு எதில் என்ற கணக்கு உங்கள் கணினியில் டேட்டாபேஸாகவும் சர்வரில் டிஇன்டெக்ஸாகவும் இருக்கும். அண்ணாச்சி அழித்தது இந்த டிஇன்டெக்ஸை.

பத்திர ஆபீஸில் கம்ப்யூட்டர் வராத காலத்தை நினைத்துப் பாருங்கள். வில்லங்கம் கேட்டால் எல்லா வால்யூமையுமா புரட்டினார்கள்? அட்டவணையில் சர்வே நம்பரைத் தேடி, இன்ன வருடம், இன்ன பக்கம் என்று எடுத்தார்கள். அட்டவணை ஒல்லியாக இருக்கிறதென்று பழைய பேப்பருக்குப் போடுவோமா? பைலின் அளவுக்கும் அதன் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை முறை சொல்வது!

அடுத்த பேக்கப்பிலேயே சிவப்பில் பிழை வந்திருக்கிறது. அப்போது ரிப்பேர் கொடுத்திருந்தால் டேட்டாபேஸிலிருந்து டிஇன்டெக்ஸ் திரும்ப உருவாகியிருக்கும். இவர் தினமும் மூடிக்கொண்டே வந்தார், இரண்டு மாதம். போன வாரம் ஹார்டுடிஸ்க் போனது, டேட்டாபேஸும் போனது. 300 ஜிபி, சுமார் 6,000 டிபிளாக். ஒவ்வொன்றையும் இறக்கித் திறந்துதான் கணக்கை மறுபடி எழுத வேண்டியிருந்தது. 40 எம்பிபிஎஸ் லைனில் இறக்க மட்டுமே 17 மணி நேரம். பழைய படங்கள் வந்தன. அந்த இரண்டு மாதமும் பேக்கப்பே ஓடவில்லை. அந்தக் கல்யாணங்கள் வரவில்லை.

ரெஸ்டிக் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் வைத்திருப்பவர்களின் பயம் வேறு. கணினியில் இருக்கும் கேஷ் (cache) அழிந்தால் அழியட்டும், அது நகல்தான். அசல் இன்டெக்ஸ் சர்வரில் இருக்கிறது. அதில் கைவைக்காதீர்கள்.

சர்வரில் இடம் போதவில்லையா, பழைய பதிப்புகளை மென்பொருள் வழியாகவே நீக்குங்கள். சர்வர் பைல்களை நேரடியாகத் திறக்கும் எப்டிபியில் நுழைந்து கையால் எதையும் அழிக்க வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே ஒரு ஆல்பத்தை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் இன்டெக்ஸ் முழுசாக இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், சிவப்பு எழுத்து வந்தால் தயவுசெய்து மூடாமல் ஒரு போன் போடுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் சரி.