அவர் "ஓம்" என்று சொன்ன நாள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு சிலர் புலிகள் இயக்கத்தை விட்டு விலகி வந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள்.

அவர்களில் ஒரு அக்கா. (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) போர் முடியும் முன்பே தப்பி வந்தவர். அங்கே துரோகி என்று பெயர், இங்கே புலி என்று பெயர். மாமா வீட்டுக் காம்பராவில் தங்கி, கொழுந்தெடுக்கப் போனார். முதல் நாளே கங்காணி ஏதோ கேட்க, வாய் தவறி "ஓம்" என்றுவிட்டார். ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பது வடக்குப் பேச்சு, நம் மலையில் யார் அப்படிச் சொல்வார்கள்? பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. அப்புறம் பல மாதம் அவர் மலையில் வாயே திறக்கவில்லை. இரவில் போர்வைக்குள் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிப் பழகினாராம்.

வடகொரியாவிலிருந்து தப்பித் தென்கொரியா போன 34,000க்கும் மேற்பட்டவர்களில் பலருக்கும் இதே பாடுதான். இப்படி வருகிறவர்களுக்காகத் தென்கொரிய அரசு 1999இல் திறந்த ஹனவொன் நிலையத்தில் 12 வாரம் வங்கி, பஸ், கடை என்று எல்லாம் பழக்குகிறார்கள். வெளியே வந்து வேலை கேட்டால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுகிறது. அங்கே 12 வாரமாவது உண்டு. இந்த அக்காவுக்கு அடையாள அட்டை எடுக்கவே அலைச்சல்தான்.

லயத்தில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னொரு கஷ்டம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அதனால் நான் வீட்டில் வைத்துப் பேசுவதில்லை. கோயிலடிக்குப் போகிற பாதையில் கூடவே நடப்பேன். கூட இருந்தவர்கள் செத்துப்போக, தான் மட்டும் தப்பியதை அவர் அந்தப் பாதையில்தான் முதன்முதலாகச் சொல்லி அழுதார்.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். "எப்படித் தப்பி வந்தீங்க?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எத்தனையோ பேர் அதைக் கேட்டு எழுதி எடுத்தாகிவிட்டது. நீங்கள் அன்பாகக் கேட்டாலும் அவர் காதில் விசாரணையாகத்தான் விழும். "சாப்பிட்டீங்களா, நாளைக்கு எந்த மலை?" என்று கேளுங்கள், போதும்.

நாய் குரைத்தாலே எழுந்து உட்காருகிறார், வாரக்கணக்கில் தூக்கமில்லை, தலையிடிக்கு மருந்தெடுத்தும் தீரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். தனியாக அனுப்ப வேண்டாம், கூடப் போங்கள்.