ஆஸ்துமா: ஈளையா, இரைப்பா?

ஆஸ்துமாவுக்குத் தமிழ்ச் சொல் கேட்டால் பலரும் ஈளை என்பார்கள், சிலர் இரைப்பு என்பார்கள், சித்த மருத்துவத்தில் சுவாசகாசம், இலங்கைத் தமிழில் தொய்வு, முட்டு. நான் இரைப்பு பக்கம். அதற்குக் காரணம் வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்களின் ஆஸ்துமாவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது பட்ட பாடுதான்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஆஸ்துமா கிரேக்கச் சொல், மூச்சு வாங்குவது என்று பொருள். பழைய கிரேக்கக் காவியமான இலியட்டின் 15ஆம் பகுதியில், கல்லடி பட்டுக் கிடக்கும் ட்ராய் வீரன் ஹெக்டர் மூச்சுக்குத் தவிப்பதைச் சொல்ல ஹோமர் இதைத்தான் போடுகிறார், அங்கே நோய் எதுவும் இல்லை. நோயைக் குறிக்க இது வந்தது பிறகு, பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள மருத்துவ நூல்களில். ஆக, சொல் குறிப்பது மூச்சின் தவிப்பை, சளியை அல்ல.

ஈளைக்கு முதல் பொருளே கோழை, அதாவது சளி. சுவாசகாசத்தில் உள்ள காசம் இருமல், ஆனால் இன்று காசம் என்றாலே ஜனங்களுக்கு டி.பி. தான் நினைவுக்கு வரும், அதனால் குழப்பம். இரைப்பு அப்படியில்லை. கடல் இரைகிறது, ஓடி வந்தவனுக்கு மூச்சு இரைக்கிறது என்கிறோமே, அந்த இரை. (இரைப்பையில் இருப்பது வேறு இரை, அது உணவு.) ஹோமர் சொன்னதும் இதைத்தான்.

இப்போது சாமி மக்களிடம் வருவோம். நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடக்கிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பூர்வகுடிகள் இவர்கள். பழைய புத்தகங்களில் லாப்பியர் என்று இருக்கும், அதை அவர்கள் இழிசொல்லாகப் பார்க்கிறார்கள், தயவுசெய்து எழுத வேண்டாம். அவர்களுடைய முக்கிய ஊர்களில் ஒன்றான காரஸ்யோக்கில் 1886 ஜனவரி 1 அன்று பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் இன்றுவரை நார்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை. அப்படிப்பட்ட வறண்ட குளிர்காற்றை வேகமாக இழுத்து மூச்சுவிட்டால் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஈரம் இழக்கும், சுற்றியுள்ள தசை இறுகும், மூச்சு விசிலடிக்கும், வரும் இருமலும் பெரும்பாலும் வறட்டு இருமல்தான். கோழையே கட்டாத இதைப் போய் ஈளை என்று எப்படி எழுதுவது?

அடுத்த சிக்கல் 'ரிஸ்க் ஃபேக்டர்'. சரியான தமிழ் இடர்க்காரணி. இதைக் காரணம் என்று எழுதுவது தப்பு, தூண்டி என்று எழுதுவதும் தப்பு. தூண்டி, ஏற்கெனவே இருக்கும் நோயைக் கிளப்பிவிடுவது: குளிர்காற்று, பனிவண்டிப் புகை, பிர்ச் மரத்து மகரந்தம், ஒவ்வாமை உள்ளவருக்குக் கலைமானின் முடியும் பொடுகும். இடர்க்காரணி, நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது: பெற்றோருக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருப்பது, கர்ப்பத்தில் தாய் புகைப்பது. சில இரண்டு பக்கமும் நிற்கும். குளிர் தூண்டிதான், ஆனாலும் வருடக்கணக்காகக் கடுங்குளிரில் மூச்சிரைக்கப் பயிற்சி செய்யும் சுவீடன் பனிச்சறுக்கு வீரர்களிடம் ஆஸ்துமா அதிகம் என்று 1990களிலேயே கண்டறிந்தார்கள்.

அப்புறம், சாமி இனமே ஓர் இடர்க்காரணி என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது. நார்வேயின் மக்கள் பதிவேட்டில் இனம் குறிக்கப்படுவதில்லை. அதனால் 2003-04இல் நடந்த சாமினோர் சுகாதார ஆய்வில் பங்கேற்றவரும் அவருடைய பெற்றோரும் தாத்தா பாட்டியும் வீட்டில் என்ன மொழி பேசினார்கள், பங்கேற்றவர் தன்னை யாராக நினைக்கிறார் என்று கேட்டுத்தான் யார் சாமி என்று பிரித்தார்கள். பாட்டி பேசிய மொழி யாருடைய மூச்சுக்குழாயையும் இறுக்காது. சாமி என்ற அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது வீடு, புகை, தொழில், பரம்பரை. ஆகவே 'சாமி மக்களிடையே இரைப்பு நோயும் அதன் இடர்க்காரணிகளும்' என்று தலைப்பு வையுங்கள், அடைப்புக்குள் ஆஸ்துமா என்றும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இனத்தின் பெயரைக் காரணிகளின் வரிசையில் சேர்க்காதீர்கள்.