குங்குமச் சிமிழைப் பைக்குள்ளேயே வையுங்கள்

போன வாரம் ஜப்பானின் கியோத்தோ நகரத்து ஃபுஷிமி இனாரி கோயிலில், மலைப்பாதையோரச் சிறு சன்னதி ஒன்றில் இருந்த கல் நரியின் நெற்றியில், என் குழுவில் வந்த அம்மா ஒருவர் குங்குமம் வைத்துவிட்டார். நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஈரத்துணியால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கல்லுக்குள் இறங்கிய சிவப்பு முழுசாகப் போகவில்லை. "பக்தியோடதானே வெச்சேன், இதுல என்ன தப்பு?" என்கிறார் அம்மா.

ஜப்பானுக்குத் தமிழ்க் குழுக்களைக் கூட்டிப்போவது என் தொழில். இது முதல் தடவை என்றால் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் ஒன்று. நரி சாமி இல்லை. இல்லவே இல்லை. அங்கே சாமி இனாரி: நெல்லுக்கும் விளைச்சலுக்கும், பிற்பாடு வியாபாரத்துக்கும் உரிய தெய்வம். நரி அந்தத் தெய்வத்தின் தூதர். சிலைகளின் வாயைப் பாருங்கள். ஒன்று நெற்கதிரைக் கவ்வியிருக்கும், இன்னொன்று களஞ்சியச் சாவியை. சாவி கையில் இருப்பதால் கணக்குப்பிள்ளை முதலாளி ஆகிவிடுவாரா? ஆனாலும் "நரிக் கோயில்" என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள், நரியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், பிரதான மண்டபத்தின் முன்னால் மட்டும் நிற்க நேரமில்லை என்பார்கள்.

அங்கே நின்றவர்களும் என்னைத்தான் கேட்பார்கள்: "மூலவர் எங்கே? நடை சாத்திட்டாங்களா?" நடை சாத்தவில்லை ஐயா. ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்தோவின் கோயிலில் தரிசனம் என்ற ஏற்பாடே கிடையாது. நீங்கள் நிற்பது வழிபாட்டு மண்டபத்தின் முன். தெய்வம் தங்கும் கருவறை அதற்குப் பின்னால், மூடியபடி இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோ, வாளோ, கல்லோ. அதைப் பக்தர்களுக்குக் காட்டுவதில்லை. நாரா பக்கம் ஓமிவா கோயிலில் கருவறையே இல்லை, பின்னால் நிற்கும் மிவா மலைதான் தெய்வம். அந்த மலையில் ஏற வேண்டுமானால் பெயர் பதிந்து, கொடுக்கும் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். சாப்பாடு, போட்டோ இரண்டுமே கூடாது. எதையும் பார்க்காமலே கும்பிடுவது நமக்குப் பழக்கமில்லைதான். அதற்காக எட்டி எட்டிப் பார்த்து, செல்ஃபோனை உள்ளே நீட்டி ஜூம் பண்ணாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கால் கழுவும் இடமில்லை. ஒருவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு காலைத் தூக்கியே விட்டார்! அகப்பையை வலது கையில் எடுத்து இடது கையைக் கழுவுங்கள், பிறகு கை மாற்றி வலது கையை. இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளித்து, தொட்டிக்கு வெளியே துப்புங்கள். கடைசியில் இடது கையை மறுபடி கழுவிவிட்டு, அகப்பையைச் செங்குத்தாகத் தூக்கினால் மிச்சத் தண்ணீர் வழிந்து கைப்பிடியும் சுத்தமாகிவிடும். அகப்பையில் வாய் வைக்கவே கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பையே இல்லை, குழாயில் விழும் தண்ணீரில் கையைக் காட்டினால் போதும்.

காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். இசுமோ போன்ற சில கோயில்களில் நான்கு தட்டு. புத்த கோயிலில் போய்த் தட்டாதீர்கள். கியோமிசுதேராவில் எத்தனை பேரின் கையைப் பிடித்து நிறுத்துவது? சாஷ்டாங்கமாக விழுவதும் வேண்டாம், பின்னால் வரிசை நிற்கிறது. தேங்காய், சூடம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஃபுஷிமியின் சிவப்புத் தோரி வாயில்கள் போட்டோவுக்காகக் கட்டிய செட் இல்லை. சுமார் பத்தாயிரம் வாயில்கள், பெரும்பாலும் கம்பெனிகளும் குடும்பங்களும் கொடுத்த உபயம். இறங்கி வரும்போது பார்த்தால் உபயதாரர் பெயரும் தேதியும் கறுப்பில் எழுதியிருக்கும். பாதி மரம் மழையில் உளுத்துக்கொண்டிருக்கிறது, அதில் போய்ச் சாய்வது, தொங்குவது! 2024 நவம்பரில் டோக்கியோவின் மெய்ஜி கோயில் தோரியில் நகத்தால் எழுத்துக் கீறிய வெளிநாட்டுப் பயணி ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கும் தோரி 1875இல் கட்டியது. அதன் கால் வெடிப்புகளில் காசு செருகாதீர்கள் என்று கோயிலே கேட்டுக்கொள்கிறது.

மெய்ஜி கோயிலில் கல்யாண ஊர்வலம் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்று செல்ஃபி எடுக்க நீங்கள் பெண் வீட்டாரா?

வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் கிளம்பும் முன்பே என்னிடம் சொல்லுங்கள். தீட்டு அங்கேயும் உண்டு, நெருங்கிய உறவு போனால் 50 நாள் வரை கோயிலுக்குப் போக மாட்டார்கள். உங்களை யாரும் வாசலில் மறிக்கப் போவதில்லை, ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு: கியோத்தோ ஸ்டேஷனில் நாரா லைனில் சாதாரண வண்டியில் ஏறுங்கள், இரண்டாவது ஸ்டாப் இனாரி. விரைவு வண்டி அங்கே நிற்காது. விடியற்காலையில் போங்கள். கோயில் பூட்டுவதில்லை, கூட்டமும் இருக்காது.